கண்ணாடிக்குள் அம்மி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், கேம்ப் ரோடு தாண்டியதும் புதிதாக ஒரு பெரிய உணவகம் வந்திருக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல், வாசலில் தேக்குத் தூண், பித்தளை உருளியில் மிதக்கும் பூக்கள். செட்டிநாடு, கொங்கு, நாஞ்சில் என்று மூன்று பக்கத்துச் சமையலும் கிடைக்கும். எல்லாக் குழம்புக்கும் மசாலா அம்மியில் அரைத்தது என்று உணவுப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அங்கே காய்கறி போடும் நண்பர் ஒருவர், "சாப்பிட உட்காருமுன் அடுப்படியைப் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார்.

அம்மி என்று போட்டது வெறும் விளம்பரம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அதற்குள் கடப்பைக்கல் பதித்த மேடை. மேடைமேல் மூன்று அம்மிகள், அவற்றின் முன் நின்றபடி அரைக்கும் மூன்று பெண்கள். இரவில் குடும்பத்தோடு வருகிறவர்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்களாம்.

இப்படிப்பட்ட உணவகங்கள் முன்பெல்லாம் நகரத்துக்குள்தான். சென்னையில் அசைவச் சாப்பாட்டுக்குப் பேர்போன பொன்னுசாமி 1954-இல் தொடங்கியது. அஞ்சப்பர் 1964-இல் வந்தது. நட்சத்திர ஓட்டலில் தென்னாட்டுச் சமையலுக்கென்று தனிக்கூடமாக தக்‌ஷிண் 1989-இல் பார்க் ஷெரட்டனில் திறந்தது. அப்போதெல்லாம் தாம்பரத்துக்காரர்கள் நல்ல சாப்பாட்டுக்கு ரயிலேறி நகரத்துக்குப் போனார்கள். இன்று தாம்பரம் மாநகராட்சி. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் வந்தாயிற்று. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் முழுக்க அடுக்குமாடிகள். அம்மியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான் இங்கே குடியிருக்கிறார்கள். அந்த ருசிக்குக் காசு கொடுக்க இன்று அவர்களால் முடிகிறது.

பரோட்டா வீச்சையும் பிரியாணி தம்மையும் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நான் விட்டுவிடுகிறேன். அம்மியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

நடு அம்மியில் நின்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் காய்ந்த மிளகாயையும் கல்லுப்பையும் வைத்தார். உப்பின் முனை மிளகாய்த் தோலைக் கிழித்துக் கொடுக்கும். அடுத்து வறுத்த மல்லி, சீரகம், மிளகு, கொஞ்சம் கல்பாசி. தண்ணீரை ஊற்றாமல் விரலால் தெளித்தார். குழவியைத் தள்ளும்போது அவருடைய உடம்பு முழுவதும் முன்னால் போகிறது, இழுக்கும்போது தோள் மட்டும் பின்வாங்குகிறது. ஓரத்தில் ஒதுங்கிய விழுதைச் சுண்டுவிரல் பக்கத்தால் வழித்து நடுவில் சேர்த்துக்கொண்டே இருந்தார். சின்ன வெங்காயம் கடைசியில்தான். ஏன் என்று கேட்டேன்.

"முன்னாடியே போட்டா தண்ணி விட்டுடும் தம்பி. மல்லி அரைபடாம வழுக்கிக்கினு ஓடும்."

ஒரு துளி விழுதை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். திப்பி தட்டியது போலிருக்கிறது, மறுபடி குழவியை எடுத்தார்.

மிக்சியின் பிளேடு பொருளை வெட்டுகிறது. அந்த வேகத்தில் ஜாடி சூடேறி, மூடியைத் திறக்கும்போதே பாதி மணம் போய்விடுகிறது. அம்மி நசுக்குகிறது. மல்லியிலும் மிளகிலும் இருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து விழுதோடேயே தங்குகிறது. கறி மாஸ்டர் இதை மறைக்காமல் ஒத்துக்கொண்டார். "பாக்கெட் பொடி குடுத்தாலும் நான் குழம்பு வெப்பேன் சார். ஆனா இந்த விழுதை எண்ணெயில போட்டதும் ஒரு வாசனை தூக்குது பாருங்க, அது நான் கொண்டாந்தது இல்ல. அந்தம்மா கை."

அந்த அம்மா செஞ்சிப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி வந்தபோது கணவர் திரிசூலம் மலையில் கல் உடைத்துக்கொண்டிருந்தார். இவர் கல்யாணச் சமையல்காரர்களோடு போய் மசாலா அரைத்தார். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் முந்தின ராத்திரி பத்து மணிக்கு அம்மி முன்னால் உட்கார வேண்டும். ஐந்நூறு பேர் பந்திக்கு நான்கு பெண்கள் விடியும் வரை அரைப்பார்கள். கை எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி அரைப்பார்கள். பிறகு மண்டபங்களுக்கெல்லாம் கிரைண்டர் வந்தது, கூப்பிடுவது நின்றது. கணவரும் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். இருபது வருஷத்துக்குக் கிட்ட அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். "இந்தக் கைக்கு மசாலா அரைக்கத் தெரியும்னு எனக்கே மறந்து போச்சு" என்றார். இந்த உணவகத்துக்கு அம்மி தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஓர் ஏஜென்சிக்காரர் அகரம்தென் பக்கம் தேடி வந்தபோது, தெருவில் இவரைத்தான் காட்டினார்களாம்.

அம்மி இருந்தால் போதாது, அதைக் கொத்தவும் ஆள் வேண்டும். கல் வழவழத்துப் போனால் மசாலா அரைபடாது. இந்த மூன்று அம்மிகளையும் கொத்துகிற பெரியவர் பழைய பல்லாவரத்துக்காரர், நண்பர் மூலம் அவரையும் பார்த்தேன். சின்ன உளி, பிடி தேய்ந்த சுத்தியல், ஒரு சாக்குப்பை, அவ்வளவுதான் அவருடைய பட்டறை. உளியைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பொளிந்துகொண்டே போகிறார். குழி ஆழமானால் மசாலா அதில் தங்கிக் கெட்டுப்போகும், மேலாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கொத்தி முடித்ததும் தவிட்டையும் கல்லுப்பையும் போட்டு அரைத்துக் கொட்டிக் கழுவச் சொல்லுவார், இல்லாவிட்டால் குழம்பில் கல்மாவு கடிக்கும்.

கல்லைக் கருவியாக்குவது பல்லாவரத்துக்குப் புதிதில்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இங்கேதான். இங்குள்ள மலைகளின் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டதும் இதே வகைக் கல்தான் என்று கண்டு, சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அந்தப் பாறையை உடைத்தவர்களின் பிள்ளைதான் இந்தப் பெரியவரும். ஒரு காலத்தில் குரோம்பேட்டையில் ஒரு தெருவுக்குள் நுழைந்து, "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று குரல் கொடுத்தால் மத்தியானச் சோறும் அங்கேயே கிடைத்துவிடுமாம். 2011-இல் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு தெருவில் கூப்பிடுவாரே இல்லை. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மி முன்னாலும் ஆட்டுக்கல் முன்னாலும் தேய்ந்துபோன எத்தனையோ பெண்களின் இடுப்பை அது காப்பாற்றியது. ஆனால் உளி பிடித்தவர்களுக்கு வேறு தொழில் காட்ட யாரும் வரவில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். பட்டியலில் நாட்டுக்கோழிக் குழம்பு 420 ரூபாய். அந்த அம்மாவின் ஒரு நாள் கூலி 550. முதலாளி ஏஜென்சிக்குத் தலைக்கு 800 கொடுப்பதாக அவரே சொன்னார். நடுவில் 250 ரூபாய் எங்கே போகிறது? சீருடை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஏஜென்சி கமிஷன் என்று பதில் வருகிறது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு என்பது சட்டம். அந்த அம்மாவுக்கு இன்னும் எண்ணே வரவில்லை. சீருடைக்குத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். அம்மியைத் தொடாத, அடுப்பின் அனலறியாத ஒருவர், ஆளைக் கொண்டுவந்து விட்ட ஒரே காரணத்துக்காகத் தினமும் அவர் உழைப்பில் பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். சாலையோரம் நின்ற பெண்ணை வண்டியில் ஏற்றி வந்ததற்கு எத்தனை காலம் கூலி? ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளிதான் பொறுப்பு என்று 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும், "அது ஏஜென்சி விஷயம்" என்று முதலாளிகள் ஒதுங்கிக்கொள்ள முடிகிறது.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. பரோட்டா போடுகிறவர், தோசை ஊற்றுகிறவர், குழம்பு வைக்கிறவர் எல்லாரும் அங்கே மாஸ்டர்கள். மாஸ்டர் சம்பளமும் தங்க அறையும் அவர்களுக்கு உண்டு. உணவகத்தின் விளம்பரத்துக்கே ஆதாரமான வேலையைச் செய்கிற பெண்களைப் பதிவேட்டில் ஹெல்ப்பர் என்று எழுதி, பாத்திரம் கழுவுகிறவர்களின் கூலிக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். ஆண் செய்தால் தொழில், பெண் செய்தால் வீட்டு வேலையின் தொடர்ச்சி என்கிற பழைய கணக்கு இது. கறி மாஸ்டர் தன் வாயாலேயே யாருடைய கை என்று சொல்லிவிட்டார். சம்பளப் பதிவேடு எழுதுகிறவருக்கு மட்டும் அது தெரியாமல் போவானேன்?

அம்மியைத் தரையில் வைத்து, உட்கார்ந்து அரைப்பதுதான் வழக்கம். உடம்பின் பாரம் தோள் வழியாகக் குழவிக்கு இறங்கும். இங்கே வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக இடுப்புக்கு மேல் உயரத்தில் மேடை கட்டியிருக்கிறார்கள். பாரம் இறங்க வழியில்லாமல் மணிக்கட்டே எல்லாவற்றையும் தாங்குகிறது. காலை ஒன்பது முதல் மூன்று வரை, மறுபடி மாலை ஆறு முதல் பத்து வரை நிற்கிறார்கள். உட்கார ஒரு ஸ்டூல்கூட அங்கே இல்லை. அந்த அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்.

துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்து, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த நியாயம் அடுப்படிக்கும் உண்டு.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன். குழம்பு உண்மையிலேயே பிரமாதம். அந்த ருசி நிலைக்க வேண்டுமானால் முதலாளி செய்ய வேண்டியது அதிகமில்லை. மூன்று பெண்களையும் ஏஜென்சியிலிருந்து விடுவித்து நேரடியாகத் தன் சம்பளப் பட்டியலில் சேர்க்கட்டும், மாஸ்டர் கூலி கொடுக்கட்டும். மேடையை இடித்துத் தாழ்த்தி, உட்கார்ந்து அரைக்க வழி செய்யட்டும். ஒரு கொத்தனாருக்கு அது ஒரு நாள் வேலை. அங்கே சாப்பிடப் போகிற நீங்களும் பில் கொடுக்கும்போது மேனேஜரைக் கூப்பிட்டு, அரைக்கிறவர்களுக்கு ஏன் இன்னும் இருக்கை போடவில்லை என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் போட்டுவிடுவார்கள்.