நானும் வரட்டோ?

பிள்ளைக்கு நடக்கப் பழக்குகிறோம். சோறு அள்ளிச் சாப்பிடப் பழக்குகிறோம். விரல் பிடித்து 'அ' எழுதப் பழக்குகிறோம். ஆனால் மற்றப் பிள்ளைகளோடு சிநேகிதமாக இருப்பதற்கு யாரும் பழக்குவதில்லை. அது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். பலருக்கு வந்தும் விடுகிறது. வராத பிள்ளைகள் முற்றத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

வேலை நிமித்தமாக நான் அடிக்கடி வன்னிக் கிராமங்களின் முன்பள்ளிகளுக்குச் செல்வதுண்டு. ஒரு முன்பள்ளியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி எப்போதும் வேப்பமரத்தடியில் தனியாகவே நிற்பாள். மற்றவர்கள் சிரட்டையில் மண்சோறு காய்ச்சுவார்கள். இவள் கிட்டப் போகமாட்டாள். தாயுடன் கதைத்தேன். "வீட்டில நல்லாக் கதைப்பாள் மிஸ். வெளியிலதான் ஒருத்தரோடையும் சேரமாட்டாள்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் சின்னனில விளையாடின ஞாபகமே இல்லை மிஸ். ஓடினதுதான் ஞாபகம்."

2009 இல் அந்தத் தாய்க்கு ஒன்பது வயது. பதுங்குகுழி, இடப்பெயர்வு, பின்னர் செட்டிகுளம் முகாம். இன்று தன் பிள்ளையைப் படலைக்கு வெளியே விட அவருக்குப் பயம். இந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தாயின் முகத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, தன் வயதுப் பிள்ளையிடம் எப்படிப் போவது என்று தெரியாமல் போகிறது.

சமூகவியலில் நாங்கள் படித்த ஒரு விடயம் இங்கே உதவும். சிறுவர்கள் விளையாடும் முறைகளை மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932 இல் வகைப்படுத்தினார். தனியாக விளையாடுவது, நின்று பார்ப்பது, பக்கத்தில் இருந்துகொண்டே தன்பாட்டில் விளையாடுவது, பிறகு சேர்ந்து விளையாடுவது என்று அது செல்கிறது. ஆகவே இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை தன்பாட்டில் விளையாடினால் அது குறையல்ல. நின்று பார்ப்பதும் ஒரு படிதான். அடுத்த படிக்குக் கைகொடுப்பதே நமது வேலை.

அந்தத் தாய் செய்தது பெரிய காரியம் ஒன்றுமல்ல. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றை மட்டும் ஒரு மணித்தியாலம் தன் முற்றத்துக்கு அழைத்தார். சண்டை வராதிருக்க இரண்டு சிரட்டை, இரண்டு அகப்பை வைத்தார். தான் குசினி வாசலில் இருந்து பார்த்தார். "நானும் வரட்டோ?" என்று கேட்டால் சில வேளை "வேண்டாம்" என்று பதில் வரும். அதனால் "நான் தண்ணி கொண்டுவரட்டோ?" என்று கேட்கவும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். விளையாட்டுக்கு உதவியாக வரும் பிள்ளையை மற்றவர்கள் எளிதில் சேர்த்துக் கொள்வார்கள். சில வாரங்களில் முன்பள்ளியிலும் அவள் தண்ணீர் சுமக்கத் தொடங்கினாள்.

சண்டை வரும். "உன்னோட கோவம்" என்பார்கள். மறுநாளே நேசமாகி விடுவார்கள். அடிபடாத வரை நாம் இடையில் போகத் தேவையில்லை. போனாலும் தீர்ப்புச் சொல்லாமல், "அவ ஏன் அழுறா? இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டால் போதும். மற்றவரின் மனதை நினைத்துப் பார்க்கப் பிள்ளை அப்படித்தான் பழகுகிறது. பிள்ளைகளின் சண்டையை நாம் வேலிச் சண்டையாக்கினால், அவர்கள் நேசமான பிறகும் நாம் கோபமாகவே இருப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "அந்த வீட்டுப் பிள்ளையோட சேராதே" என்ற வார்த்தை நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. தகப்பன் இல்லாத வீடு, தாய் புனர்வாழ்வு பெற்று வந்த வீடு, வேறு சாதி என்று காரணங்கள் பல. நாலு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் விளங்காது. ஆனால் ஒருவரை ஒதுக்கலாம் என்பது மட்டும் விளங்கிவிடும். ஒதுக்கப்படுவதன் வலி நமக்குத் தெரியாததல்ல.

விளையாட்டு, 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 31 ஆம் உறுப்புரையில் ஏற்றுக்கொண்ட உரிமை. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது.

பிள்ளை நீண்ட நாட்களாக யாருடனும் கதைக்காமல், நித்திரையின்றிப் பயந்துகொண்டிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மற்றப்படி, இந்தச் சனிக்கிழமை ஒரு பிள்ளையை உங்கள் முற்றத்துக்கு அழையுங்கள். அதன் தாயையும் ஒரு தேநீருக்கு இருக்கச் சொல்லுங்கள். நமக்கும் சிநேகிதிகள் தேவைதானே.