ராவணனைக் கொன்றது யார்?

ஆங்கிலத்தில் செய்வினை, செயப்பாட்டு வினை என்றதும் நம்மில் பலருக்கு ராமனும் ராவணனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ‘ராமா கில்ட் ராவணா’ என்று கரும்பலகையில் எழுதித் திருப்பிப் போடச் சொல்வார்கள். ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா.’ முழு மதிப்பெண்.

‘ரைட், ரோட், ரிட்டன்’ என்று ஒப்பித்த பழக்கத்தில், மூன்றாம் வடிவம் ஏதோ ரொம்பப் பழைய இறந்தகாலம் என்று தோன்றிவிடும். அப்படியில்லை. ‘இஸ் ரிட்டன்’, ‘வாஸ் ரிட்டன்’, ‘வில் பி ரிட்டன்’ மூன்றிலும் அது அசையாமல் நிற்கிறது. காலத்தைச் சுமப்பது முன்னால் வரும் துணைவினை. தமிழிலும் இதே கதைதான்: எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும். ‘எழுத’ மாறவில்லை, ‘படு’தான் மாறுகிறது.

வகுப்பில் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பயிற்சி வாக்கியங்களில் ‘பை ராமா’ தவறாமல் இருக்கும். வெளியே புழங்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இருக்காது. செயப்பாட்டு வினையின் பெரிய வசதியே அதுதான், செய்தவரைச் சொல்லாமல் விடலாம். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது என்றால் போதும், திறந்தவர் பெயர் அவசியமில்லை. ஆனால் 1987 ஜனவரியில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ரீகன், ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். அங்கே பெயர் அவசியமாக இருந்தது.

அம்மாவின் குடும்ப ஓய்வூதிய மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘ஹேஸ் பீன் ரிஜெக்டட்.’ “நிராகரிக்கப்பட்டிருக்கு” என்று படித்துச் சொன்னேன். “யாருடா நிராகரிச்சது?” என்றாள்.

அம்மாவின் பேச்சில் ‘படு’ கிடையாது. அவளாக இருந்தால் “வேண்டாம்னுட்டாங்க” என்றிருப்பாள். அதிலும் பெயர் இல்லைதான். ஆனால் அந்த ‘ஆங்க’வுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், போய்ப் பார்த்துச் சண்டை போடலாம். கடிதத்தில் இருந்த வாக்கியத்தோடு யார் சண்டை போடுவது?

நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதினோம். அம்மா கேட்ட கேள்வியையே செய்வினையில் போட்டேன்: ‘இந்த மனுவை நிராகரித்த அதிகாரி யார்? எந்த விதியின்படி நிராகரித்தார்?’