குடமும் ஊற்றும்

எரிக்கோ நகர மக்கள் இறைவாக்கினர் எலிசாவிடம் வந்து முறையிட்டதை அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. ஊர் அமைந்துள்ள இடம் நல்லது, தண்ணீர்தான் நல்லதாக இல்லை என்பதே அவர்களது முறையீடு. இன்று செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்திற்கும் இடையே மனை வாங்கிக் குடியேறியிருக்கும் பலரும் இதையே சொல்கின்றனர். படாளத்தில் தொடர்வண்டி நிலையம் உண்டு, பெருவழிச்சாலை உண்டு, காற்றோட்டமும் உண்டு. ஆனால் புதிய வாளியில் ஒரே மாதத்தில் வெண்படலம் படிகிறது. சோப்பு நுரைக்க மறுக்கிறது. பருப்பு வேகாமல் அடுப்பு எரிகிறது.

இதன் காரணம் எளியது. மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமிலவாயுவை ஏற்று மென்மையான அமிலமாகி, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. அதையே கடினநீர் என்கிறோம். இம்மாவட்டத்தின் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் போன்ற கடும்பாறைகளின்மேல் அமைந்தது. பாறை வெடிப்புகளில்தான் நீர் தங்கும். ஆழ்துளைக் கிணறு ஆழமாகச் செல்லச் செல்ல, நெடுங்காலம் பாறையோடு கலந்திருந்த நீரே பெரும்பாலும் கிடைக்கிறது.

இந்தியத் தர அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டு வரையறைப்படி, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக நலவாழ்வு நிறுவனமோ உடல்நலத்தின் பேரில் கடினத்தன்மைக்கு எல்லை எதுவும் வகுக்கவில்லை. ஆகவே பாத்திரத்தில் படியும் வெண்மையைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாதது. நெருங்கிய மனைகளில் ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழி மற்றொரு வீட்டின் கிணற்றுக்கு அருகே அமைந்துவிடுகிறது. அங்கிருந்து ஊறும் நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அது பால்குடிக் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

புதிய வீடுகளை மந்திரிக்கச் செல்லும்போது நான் காணும் காட்சி ஒன்றுண்டு. தீர்த்தத்திற்காக வீட்டார் கொண்டுவந்து வைப்பது பெரும்பாலும் கடையில் வாங்கிய கேன் தண்ணீர். “குழாய்த் தண்ணீர் தெளித்தால் புதுப் பலகையில் கறை விழும், சாமி” என்று ஓர் அம்மையார் விளக்கினார். அவ்வீட்டில் வேலைசெய்யும் பெண் கொல்லையில் நின்று, தம் வீட்டுக்குக் கொண்டுசெல்ல அதே குழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரே நிலத்தடி நீர் ஒருவருக்குக் கறை, மற்றொருவருக்குக் குடிநீர்! தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சீ’ சுற்றுமடலில் கற்பித்ததை அக்கொல்லைப்புறத்தில் எண்ணிப்பார்த்தேன்.

வசதியுள்ளோர் சுத்திகரிப்புக் கருவி பொருத்துகின்றனர். அதைக் குறைகூற இயலாது. ஆயினும் ஒரு குடம் நன்னீர் பெற இரண்டு மூன்று குடம் நீர் உப்பு மிகுந்து வெளியேறுவது இல்லங்களில் இயல்பு. நீரை மென்மையாக்கும் கருவியோ கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதைக் கழுவும் உப்புநீரும் வெளியேதான் செல்கிறது. இவை கொல்லை மண்ணில் இறங்கினால் மீண்டும் நிலத்தடியையே சேர்கின்றன. மனைக்கு எல்லைக்கல் உண்டு. அதன் அடியில் ஓடும் நீருக்கு எல்லைக்கல் இல்லை.

ஆற்றிலும் இதே உண்மையைக் காண்கிறோம். மேலே வேலூர்ப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து கழிவு பாலாற்றில் கலந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 29 ஆண்டுகள் கடந்து, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. ஊற்று கெட்டபின் அதை மீட்பது எத்துணை நெடிய பணி!

எலிசா என்ன செய்தார்? வீடுவீடாகச் சென்று ஒவ்வொரு குடத்திலும் உப்பிடவில்லை. தண்ணீர் ஊறும் இடத்திற்கே சென்று அங்கே உப்பைக் கொட்டினார். தீர்த்தத்தில் கலக்கும் உப்பை மந்திரிக்கையில் திருச்சபை இந்நிகழ்ச்சியையே நினைவுகூர்கிறது. நாமோ அவரவர் குடத்தோடு நின்றுவிடுகிறோம்.

ஊற்றுக்குச் செல்ல நமக்கும் வழிகள் உண்டு. 2003-இல் தமிழகம் எங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழிகளில் எத்தனை இன்று மண்மூடிக் கிடக்கின்றன? வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றைத் தூர்வாரலாம். கூரையிலிருந்து இறங்கும் மழைநீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. அது நிலத்தடி நீரின் உப்பைத் தணிக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தெரு முழுவதற்குமாகக் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை வாடகைக் குடியிருப்போருக்கும் வீட்டுவேலை செய்வோருக்கும் அறிவிக்கலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றும் கிராமசபை கூடவேண்டும் என 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருக்கவேண்டிய தொலைவைப் பற்றி அங்கே எழுந்து பேசுவது, பொதுநிலையினர் தம் அயலாருக்கு ஆற்றும் அன்புப்பணியே ஆகும்.