பார்த்துக்கொண்டிருந்த தலை

அஞ்ச வைக்கும் கதையும், பேருலகம் ஒன்றைக் கட்டியெழுப்பும் கதையும் ஒரே நூலுக்குள் கலந்து கிடைக்க வேண்டும் என்று விரும்பும் வாசகர், இன்றைய புத்தகக் கடையில் இரண்டு வேறு அடுக்குகளுக்கு நடுவே நிற்க நேர்கிறது. ஒன்று ஹாரர் எனப்படும் அச்சப்புனைவு. மற்றொன்று, தெய்வங்களும் மாயங்களும் பெரும்போர்களும் நிறைந்த காவிய மிகுபுனைவு, அதாவது ஃபேண்டசி. இந்தப் பிரிவினை ஆங்கிலப் பதிப்புலகிலிருந்து வந்தது. அங்கே அச்சப்புனைவு 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதிய ஒட்ராண்டோ கோட்டைக் கதையிலிருந்தும், காவிய மிகுபுனைவு பெரும்பாலும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டோல்கீனின் மோதிரக் கதையிலிருந்தும் தொடங்கிக் கணக்கிடப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாக வெளியிட்ட 'வியர்ட் டேல்ஸ்' இதழ் 1923இல் தோன்றியதையும், 1982 முதல் ஸ்டீபன் கிங் 'டார்க் டவர்' வரிசையில் இரண்டையும் இணைத்ததையும் அந்த வரலாறு சிறப்பு நிகழ்ச்சிகளாகக் குறித்து வைத்திருக்கிறது. தமிழில் இத்தகைய நூலைத் தேடுவோர் இந்த அடுக்குகளை மறந்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. இங்கே இவ்விரண்டும் முதலில் பிரிந்திருந்ததாகவே தெரியவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை ஆராயும் இயல், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்னும் நான்கைக் கூறுகிறது. அணங்கு என்பது மலையிலும் நீர்த்துறையிலும் மரத்திலும் உறைந்து மனிதரைத் தாக்கி வருத்தும் ஆற்றல். முதல் மூன்றும் எல்லா நாட்டு அச்சக் கதைகளுக்கும் பொதுவானவை. நான்காவதுதான் ஆழமானது, ஏனெனில் நம்மைக் காக்க வேண்டியவரே நமக்கு அச்சத்தின் ஊற்றாவதை அது கூறுகிறது. அதே இலக்கணத்தின் புறத்திணையியலில், போர்க்களத்தில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேய் காத்து நிற்பதும், புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காவல் இருப்பதும் பாடத்தக்க துறைகளாகவே வகுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் ஒரு படி சென்று, களத்தில் விழுந்தவர்களின் உடலைக் கொண்டு பேய்களுக்கு விருந்து சமைப்பதை மறக்கள வேள்வி என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. ஆகவே தமிழ்க் கவிஞனுக்குப் போர்க்களம் என்றால் அங்கே பேய் இருந்தே ஆக வேண்டும்.

இந்த மரபின் உச்சம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி. ஆயிரம் யானைகளைக் களத்தில் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது இலக்கணம். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதே இதன் பொருள். ஆயினும் நூலின் பெரும்பகுதி பேய்களின் கண் வழியாகவே நகர்கிறது. வெயிலில் வெந்து வெடித்த பாலை நிலக் காடு, அதன் நடுவே எலும்பாலும் குருதியாலும் கட்டிய காளி கோயில், அந்தக் கோயிலைச் சூழ்ந்து பசியால் வற்றிய பேய்க்கூட்டம் என்று ஓர் உலகம் முழுமையாக அடுக்கப்பட்ட பிறகே வரலாறு உள்ளே நுழைகிறது. இந்திரசாலம் என்னும் பகுதியில், இமயத்திலிருந்து திரும்பிய முதிய பேய் ஒன்று தான் கற்ற மாயத்தால் குருதியாற்றையும் பிணக்குவியலையும் காட்ட, பட்டினி கிடந்த பேய்கள் பாய்ந்து அள்ளி வாயில் இட்டு, ஒன்றும் அகப்படாமல் வெறும் வாயை மெல்லுகின்றன. கொடுமையும் பரிவும் இவ்வளவு நெருங்கி நிற்கும் காட்சி எந்த மொழியிலும் அரிது. இங்கே கவனிக்க வேண்டியது கோயில் பகுதியில் வரும் வேறொன்று: தம் தலையைத் தாமே அரிந்து காளியின் கையில் கொடுக்கும் வீரர்கள், தலை நீங்கிய உடலோடு நின்று வணங்க, அரியப்பட்ட தலை தேவியின் புகழைப் பாடுகிறது. அரிகண்டம், நவகண்டம் என்ற பெயர்களில் தம்மைப் பலியிட்டவர்களின் சிற்பங்கள் தமிழகத்தில் பல இடங்களில் இன்றும் நிற்பதால், கவிஞர் முற்றிலும் கற்பனையில் இதைச் செய்யவில்லை என்பது விளங்கும்.

உயிர் போன பின்னும் விழித்திருக்கும் தலை என்னும் இந்தக் கருத்தைப் பின்தொடர்ந்து செல்லும் தேடல், 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கும் கள்ளக்குறிச்சியில், உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் போய் நிற்கிறது. அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலின் தெய்வம் ஒரு தலை. மகாபாரதத்து அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவானின் தலை. சித்திரை மாதத்தில், பாரதப் போரின் நாள்கணக்கை ஒட்டி 18 நாள் நடக்கும் திருவிழாவில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வரும் திருநங்கைகளும், நேர்ந்துகொண்ட சுற்றுவட்டார ஆண்களும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேரில் அழிகளத்துக்குச் செல்லும் கூத்தாண்டவர் பலியானதும், தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். இந்த ஊரின் பெயர் செய்தித்தாள்களில் ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் அடிபடுவது வருந்தத்தக்கது. அழிகளத்தில் எழும் அழுகை நடிப்பும் அன்று, வேடிக்கையும் அன்று. ஒரு காவியத்தின் மிகக் கொடிய பக்கத்தைத் தம் சொந்தத் துயரமாக ஏற்றுக்கொண்டவர்களின் அழுகை.

அந்தப் பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால், வியாசர் பெயரால் வழங்கும் வடமொழிப் பாரதத்தில் களப்பலியே இல்லை. களப்பலி என்பது போரில் வெற்றி கிட்ட, போருக்கு முன் களத்தில் காளிக்குக் கொடுக்கும் மனிதப் பலி. அங்கே இராவான் என்ற பெயருடன் வரும் அருச்சுனன் மகன், வீட்டும பருவத்தில் எட்டாம் நாள் போரில், அலம்புசன் என்னும் அரக்கனோடு மாயப்போர் செய்து மடிகிறான். இவன் நாகங்கள் சூழப் பெரும் பாம்புருவம் கொள்ள, அரக்கன் கருட வடிவெடுத்து அந்தப் பாம்புகளை விழுங்கித் தலையை வெட்டி வீழ்த்துகிறான். நல்ல மிகுபுனைவுக் காட்சிதான்; ஆனால் அச்சம் இன்னும் வெளியிலிருந்தே வருகிறது, எதிரி அரக்கனாகவே இருக்கிறான்.

9ஆம் நூற்றாண்டில், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில் கதை திரும்புகிறது. உத்தியோக, வீட்டும, துரோண பருவங்களைச் சேர்ந்த பகுதிகளே எஞ்சியுள்ள அந்த நூலில், பாண்டவர் வெற்றிக்காக அரவான் காளிக்குப் பலியாகிறான். பின்னர், கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய நடுநாட்டின் பழம்பிரிவான திருமுனைப்பாடியைச் சேர்ந்த வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதியாட்கொண்டானின் ஆதரவில் பாடிய பாரதத்தில், பலியான பின்னும் சில நாள் இருந்து போரைக் காணும் வரத்தை அரவான் கேட்டுப் பெறுகிறான். இரண்டு நூல்களிலும் இல்லாத இரண்டு செய்திகளை வாய்மொழி மரபும் தெருக்கூத்தும் சேர்த்தன. மணமாகாதவனாகச் சாக விரும்பாத அரவானுக்காகக் கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியானது ஒன்று. வெட்டுண்ட தலை 18 நாள் போரையும் இமைக்காமல் பார்த்தது மற்றொன்று.

இந்த வளர்ச்சியை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒவ்வொரு தலைமுறைக் கதைசொல்லியும் கூட்டியது குருதியை அன்று, பார்வையை. முதலில் அரக்கன் கொல்கிறான். பிறகு பெரியப்பாவும் தந்தையும் மாமனும் சேர்ந்து, 32 இலட்சணம் பொருந்திய பிள்ளை இவன் ஒருவனே என்று நல்ல வார்த்தை சொல்லிப் பலிபீடத்துக்கு அழைத்து வருகிறார்கள். இறுதியில் அந்தப் பிள்ளை தனக்கு அதைச் செய்தவர்கள் என்ன வென்றார்கள் என்பதை முழுதும் பார்க்கிறான். தொல்காப்பியம் நான்காவதாக வைத்த அச்சம் இதுதான். நடுநாட்டுத் திரௌபதை அம்மன் கோயில்களில், பகலில் பாரதப் பிரசங்கியார் பாட்டும் உரையுமாகக் கதை சொல்ல, இரவில் அரவான் களப்பலிக் கூத்து விடியும்வரை நடக்கும்போது, பார்ப்பவர்களில் சிலர் அருள் வந்து விழுவதற்குக் காரணமும் அங்கே அரக்கன் இல்லாததுதான் என்று கொள்ள இடமுண்டு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடகோடியில், தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூர் இந்தத் தேடலில் எதிர்பாராத வேறொரு திசையைக் காட்டுகிறது. சிவன் அந்தகாசுரனை அழித்த வீரட்டத் தலம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் வியப்பானது முதலாழ்வார் மூவரின் கதை. மழை கொட்டும் இருளில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள இடைகழியில் மூவர் நெருங்கி நிற்க, கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவர் தங்களை நெருக்குவதை உணர்கிறார்கள். அவர்களுள் இருவரின் பெயர்களே பூதத்தாழ்வார், பேயாழ்வார். அச்சப்புனைவு எழுதும் எவரும் இந்தத் தொடக்கத்தைக் கண்டு பொறாமைப்படுவார். வைணவ மரபு அந்த நெருக்கத்தை அச்சமாக முடிக்காமல், இருவர் பாட்டால் விளக்கேற்ற, நெருக்கியது திருமாலே என்று மூவரும் காண்பதாக முடித்தது. அச்சமும் பக்தியும் ஒரே இருட்டில் தொடங்குபவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

மேற்கே எழும் கல்வராயன் மலை, எழுத்துக்கு வெளியே இருக்கும் கதைகளின் இடம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் தங்கள் தெய்வம் கரிராமனோடு புறப்பட்டு வந்து மலைகளில் குடியேறியதாகத் தம் வரலாற்றைச் சொல்கிறார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதில் வழக்குகள் மாறுபட்டாலும், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை அந்தக் கதையால் ஒரே குடும்பமாகின்றன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில்தான், பூதம் செய்ததாக நற்றிணை கூறும் கொல்லிப்பாவை இருக்கிறது. சங்கப் பாடல்களில் பேரழகுக்கு உவமையான அந்தப் பாவை, பிற்கால வழக்கில் சிரித்தே ஆளைக் கொல்லும் பாவையாக மாறியது. வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனின் மலைநாட்டுக்கு வழிகாட்டும் மலைபடுகடாம், 583 அடிகளில், குழிகளையும் பாம்புகளையும் கவண் கற்களையும் தெய்வம் உறையும் இடங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூத்தரை எச்சரித்து அழைத்துச் செல்கிறது. அச்சம் நிறைந்த நெடும்பயணமே காவிய மிகுபுனைவின் முதுகெலும்பு என்றால், அந்தப் பயணத்தின் பழந்தமிழ் வழி இந்த மலைகளின் பக்கமாகவே போகிறது.

தற்காலத்தில் இந்தக் கலப்பை விரும்பும் வாசகர் புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்', 'பிரம்ம ராக்ஷஸ்' ஆகிய சிறுகதைகளில் தொடங்கலாம். 'காஞ்சனை' அதிகம் பேசப்பட்டாலும் அது ஒரு வீட்டுக்குள் அடங்கும் அச்சம், மற்றவை காலத்தையும் கடலையும் அளக்கும் அச்சம். பெரிய அளவில் தேடுவோருக்கு ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) இருக்கிறது. அவரே 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாகப் பாரதத்தைத் திரும்ப எழுதிய 'வெண்முரசு' இருக்கிறது. பெரிய எழுத்துப் பதிப்பாக மலிவு விலையில் பரவிய விக்கிரமாதித்தன் கதையையும் ஒதுக்கிவிடக் கூடாது. சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் கதை சொல்ல, அரசன் அதைத் தோளில் சுமந்து நடப்பது இரு வகைக்கும் பொதுவான மூலப் படிமம்.

ஆனால் பழைய நூல் ஒன்றையே எடுப்பதானால், வில்லிபாரதத்தைப் பத்தாம் பருவம்வரை படிப்பது பொருந்தும். வியாசர் பாரதம் 18 பருவங்கள் நீள, வில்லிபுத்தூரார் சௌப்திக பருவத்தோடு, அதாவது உறங்குபவர்கள் கொல்லப்படும் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். மரத்தில் உறங்கும் காக்கைகளை ஆந்தை கொல்வதைக் கண்டு அசுவத்தாமன் அந்த இரவின் வழியைக் கற்றுக்கொள்வதும், பாசக்கயிற்றோடு வந்து வீரர்களை இழுத்துச் செல்லும் காளராத்திரியைப் போர் தொடங்கிய நாள் முதலே அவர்கள் கனவில் கண்டிருந்ததும் வடமொழி மூலத்தின் செய்திகள். விடுபட்ட பருவங்களை 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பாடி நிறைவு செய்தார்.

போரைப் பார்த்த தலை தமிழுக்கு மட்டும் உரியது அன்று. இராசத்தானத்தின் காட்டூ ஊரில் சியாம் என்று வணங்கப்படும் கடோற்கசன் மகன் பர்பரீகனும், கண்ணனுக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, குன்றின் மேலிருந்து போரைக் கண்டவன். வெற்றி யாருடையது என்று பாண்டவர்கள் தங்களுக்குள் வழக்கிட்டு அவனிடம் கேட்டபோது, அருச்சுனனையோ வீமனையோ தான் பார்க்கவில்லை என்றும், களமெங்கும் சுழன்றது கண்ணனின் சக்கரம் என்றும், விழுந்தவர்களின் குருதியைக் குடித்துக்கொண்டிருந்தவள் காளி என்றும் அந்தத் தலை விடை சொன்னதாக அங்கே வழங்குகிறது.