பனிநாட்டில் அகில்

சென்ற தை மாதத்தில் வெள்ளவத்தையில் நடந்த எங்கள் உறவினர் வீட்டுத் திருமணமொன்றுக்குக் கனடாவிலிருந்து போயிருந்த இளைஞர்களின் உடையைப் பற்றியோ நகையைப் பற்றியோ எவரும் குறை கூறவில்லை. அவர்கள் பூசியிருந்த அகில் வாசனையைப் பற்றித்தான் அங்கே பேச்செழுந்து, அது தொலைபேசி வழியாகக் கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோ வரைக்கும் வந்து, இரண்டு குடும்பங்களுக்கிடையே ஒரு சிறு மனத்தாங்கலாகவே நிலைத்துவிட்டது. "மண்டபத்துக்குள்ள மூச்சு விட ஏலாமக் கிடந்தது. உது அரபு நாட்டுக்காரர் பூசுறது. எங்கட சந்தனத்துக்கும் மல்லிகைப் பூவுக்கும் என்ன குறை வந்தது, தம்பி?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். அவருடைய வார்த்தைகளில் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு: அந்தப் பரிமளம் கொழும்புக்கு ஒவ்வாதது என்பது ஒன்று, அது தமிழருக்கே அந்நியமானது என்பது மற்றொன்று. முதலாவதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை எந்தச் சபையிலும் மறுக்கச் சித்தமாயிருக்கிறேன்.

ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியஸை ஒட்டியே வெப்பம் நிற்க, கடலின் ஈரம் காற்றை விட்டு ஒருபோதும் நீங்காத ஒரு நகரத்தில், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நெருக்குண்டு வந்திறங்கும் ஒருவருடைய கழுத்தில் ஊத் எனப்படும் அகில் தைலம் பூசப்பட்டிருந்தால், அது சில நிமிஷங்களுக்குள் தன் முழுப் பலத்தையும் ஒரே மூச்சில் கொட்டி, வியர்வையோடு கலந்து, பக்கத்தில் நிற்பவரின் தலையை இடிக்கத்தான் செய்யும். கொழும்புக்கு உரியவை குளிர்ச்சியானவை: குளித்த உடம்பில் அரைத்துத் தடவிய சந்தனம், மாலையில் மலர்ந்து இரவோடு வாடிவிடும் மல்லிகை, மண்பானைத் தண்ணீரில் ஊறிய வெட்டிவேர். வெக்கையில் வாழ்கிற ஜனங்கள் தங்கள் தேகசௌக்கியத்தை அறிந்து தேர்ந்தெடுத்த வாசனைகள் அவை. பனிக்காலத்துக்கென்று வாங்கிய குப்பியைப் பெட்டிக்குள் வைத்து வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனது நம் பிள்ளைகள் செய்த பிழையே.

ஆனால் அந்தக் குப்பியை வாங்கியதே பிழையென்று சொல்வோர் ஒரு ஜனவரிக் காலையில் இங்கே வந்து நிற்க வேண்டும். வெப்பம் மைனஸ் 20 பாகைக்கு இறங்கிய தினத்தில் இந்நாட்டின் வெளிக்காற்றுக்கு மணமே இல்லை. மண் உறைந்து கிடக்கிறது. இலையும் புல்லும் இல்லை. குப்பைத் தொட்டிகூட நாறுவதில்லை. கொழும்பில் நான் வளர்ந்த கொட்டாஞ்சேனையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் வழி தவற மாட்டேன். பாண் வேகும் போறணை எந்த முடக்கில் இருக்கிறது, எந்த இடத்தில் துறைமுகத்தின் எண்ணெய் வாடை ஏறுகிறது, பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபத்துக் கர்ப்பூரப் புகை எங்கே தொடங்குகிறது என்று மூக்கே சொல்லிவிடும். இங்கோ ஒரு முழு நகரமும் வாசனையற்ற வெண்மையாய்க் கிடக்கிறது. வந்த புதிதில் அந்த வெறுமை எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. பிறகுதான் அதன் அருமை விளங்கியது: போட்டியே இல்லாத அந்தக் காற்றிலே, ஒரு கம்பளிக் கழுத்துச் சால்வையின் மடிப்பிலிருந்து எழும் ஒரு துளி அகிலின் மணம், சுருதி சேர்ந்த தம்புராவின் ஒற்றை நாதம்போலத் தனித்து, தெளிந்து, நெடுநேரம் நிற்கிறது.

இதற்குக் காரணம் எளிது. ஆவியாகி மூக்கை அடைவதே மணம். தோடம்பழத் தோல், எலுமிச்சை முதலியவற்றின் நுண்பொருள்கள் இலேசானவை, வெயிலில் துள்ளியெழுந்து விரைவில் மறைபவை. குளிரில் அவை எழும்புவதற்கே சிரமப்படுகின்றன. சந்தனத்திலும் அகிலிலும் உள்ளவை கனமானவை, மெல்ல எழுபவை. மேற்சட்டைக்குள்ளே அடைபட்டிருக்கும் உடற்சூடு அவற்றுக்குப் போதும். கம்பளித் துணி அவற்றைப் பற்றிக்கொண்டு, நாட்கணக்கில் சிறிது சிறிதாக விடுகிறது. கொழும்பிலே பருத்திச் சட்டையை அன்றாடம் தோய்த்து வெயிலில் போடும் நமக்கு, துணியில் மணம் குடியிருக்கும் இந்த அனுபவம் வாய்த்ததே இல்லை.

அந்நியம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சிட்டு நம் கையில் கொடுத்தார். அதிலுள்ள நக்கீரரின் நெடுநல்வாடையை நாங்கள் கொட்டாஞ்சேனையில் மின்விசிறியின் கீழிருந்துதான் படித்தோம். பதவுரை எழுதினோம், பரீட்சையில் தேறினோம், குளிர் என்னவென்று மட்டும் அறியோம். மழையில் நனைந்த இடையர் கொள்ளிக்கட்டையைக் கையிற் பிடித்தும் கன்னம் நடுங்குவதையும், மரத்திலிருக்கும் பறவை விறைத்து வீழ்வதையும், பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளுவதையும் நக்கீரர் அடுக்கிச் சொல்லும்போது அவற்றை நாங்கள் கவியின் அலங்காரமென்றே எண்ணினோம். இங்கே வந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும் ஓர் இரவில் அந்த 188 அடிகளையும் மறுபடி வாசித்தேன். அலங்காரம் ஒன்றும் அதில் இல்லை. விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்திவலை படிந்து தொங்குகின்றன. குளிர்ந்த நீர் நிறைந்த குடத்தை ஒருவரும் நாடுவதில்லை. அகன்ற வாயையுடைய தடவிலே நெருப்பு மூட்டிக் காய்கிறார்கள். இவையெல்லாம் ஸ்காபரோவில் அக்டோபர் மாதத்து வேலைகள்!

நான் பிரமாணமாகக் காட்ட விரும்புவது அப்பாட்டின் நடுவில் உள்ளது. வடநாட்டார் கொணர்ந்த சந்தனக் கல்வட்டம், தென்திசைச் சந்தனத்தோடு சேர்ந்து, உபயோகமின்றிக் கிடக்கிறது. மகளிர் கூந்தலுக்கு நிறையப் பூச்சூடுவதை விட்டு, சில மலரை மட்டும் செருகிக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, தகரக் கட்டையில் நெருப்பு அமைத்து, அதிலே வயிரம் பாய்ந்த அகிலையும் வெள்ளிய கண்டசர்க்கரையையும் இட்டுக் கூந்தலுக்குப் புகையூட்டுகிறார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு விதியை யாரால் சொல்ல முடியும்? கோடைக்குச் சந்தனம், கூதிருக்கு அகில். மேலைநாட்டு வாசனை வியாபாரிகள் டிசம்பர் பிறந்ததும் பளபளக்கும் சஞ்சிகைகளில் குளிர்காலத்துக்கு இன்னின்னதென்று உபதேசம் செய்கிறார்களே, அந்த சாஸ்திரம் மதுரையில் முற்றிய சாஸ்திரம். அகிலோடு சர்க்கரையைச் சேர்த்த நுட்பத்தைக் கவனியுங்கள். இனிப்பும் பிசினும் கலந்த கனமான பரிமளமே குளிருக்கு உகந்ததென்று இன்றைய நிறுவனங்கள் கண்டுபிடித்து விற்பதும் அதையேதான்.

இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் இதே கூதிரை மதுரை மாடங்களில் வைத்துப் பாடும்போது சிறிது மாறுபடுகிறார். அங்கே அகிற்கட்டையை விறகாகவே எரித்துச் சாளரங்களை அடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆடவர் மார்பில் சந்தனம் இருக்கிறது. நக்கீரர் ஒதுக்கியதை இளங்கோ ஏன் வைத்துக்கொண்டார் என்று பண்டிதர்கள் என்ன சொல்வார்களோ. எனக்கு இந்த நாட்டு வாழ்க்கையே விடை சொல்லிற்று. அடைத்த வீட்டுக்குள் ஹீட்டர் 22 பாகையில் ஓடும்போது சந்தனம் மார்பில் இதமாகவே இருக்கிறது. கதவைத் திறந்து வெளியே இறங்கினால் அது அடங்கிப்போகிறது, அகில் எழுந்து நிற்கிறது. ஆகவே வீட்டுக்குச் சந்தனமும் வீதிக்கு அகிலுமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் சொன்னது சரியே.

அரபு நாட்டார் மீது பெரியம்மாவுக்கு உள்ள மனக்குறையும் நியாயமானதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்கு மேற்குமலையின் சந்தனமும் அகிலும் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நாம் கைவிட்டதை அவர்கள் கைவிடவில்லை என்பதே உண்மை. விருந்தாளி வந்தால் அகிற்புகை காட்டி உபசரிக்கும் சம்பிரதாயம் வளைகுடா வீடுகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. கொழும்பிலேயே புறக்கோட்டையில் அத்தர் விற்கும் முஸ்லிம் வியாபாரிகள் அந்த ஞானத்தைக் காத்து வந்திருக்கிறார்கள். விரல்நுனியில் ஒரு பொட்டு எடுத்து நம் மணிக்கட்டில் தடவி, "இப்ப மணக்கப்படாது, கொஞ்சம் பொறுங்க" என்று அவர்கள் சொல்லும் பொறுமையை எந்த அங்காடி மாளிகையிலும் நான் கண்டதில்லை. மேலைநாட்டார் வெகு பிந்தியவர்கள்: இவ் சான் லோரான் நிறுவனம் 2002இல் எம்7 என்ற வாசனையையும், டொம் ஃபோர்ட் 2007இல் ஊத் வுட்டையும் வெளியிட்ட பிறகுதான் அவர்களுடைய கடைகளில் அகில் ஒரு நாகரிகமாயிற்று.

இந்த நாட்டில் நம்மவர் வாசனைக் குப்பியை நாடியதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைச் சொல்ல மனம் நோகிறது. குளிருக்காக ஜன்னல்களை அடைத்த சிறு அடுக்குமாடி வீட்டிலே வெங்காயமும் கறித்தூளும் தாளித்த ஆவி, வாசலருகே மாட்டியிருக்கும் மேற்சட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சட்டையை மாதக்கணக்கில் தோய்க்க முடியாது. சுரங்க ரயிலில் பக்கத்து ஆசனத்துக்காரர் எழுந்து வேறிடம் போகும்போது, அவர் இறங்கும் இடம் வந்துவிட்டதா, என் சட்டைதான் காரணமா என்று நெஞ்சு துணுக்குறுகிறது. இந்தப் பயத்தாலேயே காலையில் கண்டதையும் மேலே தெளித்துக்கொண்டு ஓடிய ஒரு தலைமுறை நாம். மீன்குழம்பின் மணம் அவமானமென்று நம் பிள்ளைகள் எண்ணும்படி விட்டது பெரிய அநியாயம். கறியின் வாடையை மறைக்கவென்று எதையும் பூசக்கூடாது. சட்டையை அறைக்குள் மாட்டிக் கதவை அடைத்தால் போதும். அகிலை அதன் மேன்மைக்காகவே அணிய வேண்டும்.

அணியும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஸ்நானம் செய்த வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆச்சி நெருப்புச் சட்டியில் சாம்பிராணி போட்டு, அதன்மேல் கடகத்தைக் கவிழ்த்து, பெண்பிள்ளைகளின் ஈரக் கூந்தலை அதன்மேல் விரித்துவிடுவார். கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடுகளில் அந்தப் புகை ஓடுகளுக்கிடையே சுகமாக வெளியேறிவிடும். இங்கே அப்படிச் செய்தால் கூரையிலுள்ள புகை எச்சரிப்பான் அலறி, கட்டடத்தையே வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகையால் சிறு மின்சாரத் தட்டில், நகத்தளவு அகிற்சிம்பை வைத்து, மிகக் குறைந்த சூட்டில் விடுகிறேன். முதலில் கசப்பான, மருந்துக்கடை போன்ற ஒரு நெடி வரும். கருத்த ரேகைகளில் பிசின் மினுங்கி, மெல்லக் கொப்புளிக்கும். அதன் பிறகே, புகையே இல்லாமல், தேனும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போன்ற இனிமை எழும்பும். அப்போது கழுத்துச் சால்வையை அதன்மேல் சிறிது நேரம் பிடித்தால், அந்த வாரம் முழுவதும் வேறெதுவும் வேண்டியதில்லை. உலர்ந்த சருமத்தில் தைலம் நிற்காது. குளித்த ஈரம் காயுமுன் நல்லெண்ணெய் ஒரு துளி தடவி அதன்மேல் வைப்பதே உசிதம். வெட்டிவேரையும் மல்லிகையையும் ஜூன் மாதம் வரை பெட்டியில் வைத்துவிடலாம்.

ஆயினும் இதை அணிந்துகொண்டு எங்கும் போய்விட முடியாது. வைத்தியசாலைகளிலும் பல அலுவலகங்களிலும் வாசனைத் திரவியம் பூசி வரவேண்டாமென்ற அறிவித்தல் தொங்குகிறது. ஹலிஃபக்ஸ் நகரம் இவ்விஷயத்தில் வெகுகாலமாகவே கண்டிப்பானது. முதலில் நான் கோபப்பட்டேன். ஆஸ்துமாக்காரர் ஒருவருடைய மூச்சுக்காக ஒரு கட்டடமே தன் அலங்காரத்தைக் கைவிடும் தர்மத்தை இப்போது வணங்குகிறேன். கல்யாண மண்டபத்தில் மூச்சு முட்டியவர்களுக்கு அந்தக் கரிசனையை நம் பிள்ளைகளும் காட்டியிருக்கலாம். எனக்குள்ள ஆட்சேபம் ஒன்றுதான்: சலவைத் தூளின் செயற்கை வாசனை அதே கட்டடத்தில் எல்லோருடைய உடையிலும் கமழ, நம் பெண்களின் தலையில் உள்ள ஒரு முழம் மல்லிகையே குற்றமாகக் கண்ணில் படுகிறது.

நம் சொந்த நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரம் காயப்பட்டு, அதில் பூஞ்சணம் தொற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினே அகில். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் வல்லப்பட்டை மரமும் அவ்வகைப் பிசினைத் தரவல்லதென்று ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதுவரை அதன் நார்ப்பட்டை கட்டுக்கயிறாகப் பயன்பட்டதோடு சரி. செய்தி பரவியதும் கள்ளர் காட்டுக்குள் புகுந்தனர். பிசின் ஊறிய மரம் எது, ஊறாதது எது என்று வெளியிலிருந்து அறிவது அரிதாகையால் கண்டதையெல்லாம் வெட்டுகிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சிம்புகளோடு ஆட்கள் பிடிபடுவது வழக்கமான செய்தியாகிவிட்டது. அகில் இனங்களோடு வல்லப்பட்டையின் இனமும் 2004ஆம் ஆண்டின் சர்வதேசத் தீர்மானத்தால் அனுமதிப்பத்திரம் இன்றி எல்லை கடக்கக்கூடாத பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அது நல்லதே. வீட்டுத் தோட்டங்களில் முறைப்படி வளர்த்து, அனுமதிப்பத்திரத்தோடு வெளியே அனுப்பும் தொழிலை ஈரவலயத்துக் குடியானவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தால், டொரொன்டோவிலும் மொன்றியலிலும் ஒஸ்லோவிலும் அதற்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்க நாங்கள் இருக்கிறோம்.