மாடிப்படி ஏறினால் பாட்டு

ஒரு பெண்மணியின் பிடிவாதத்தால் உருவான சின்னஞ்சிறு இசைக்கூடம், அவர் மறைந்த பிறகும் மூடப்படவில்லை. அமெரிக்காவின் சாரடோகா ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு காபிக்கடையின் கதை.

ஃபைலா தெருவில் 47ஆம் எண் கட்டடத்தைத் தெரியாதவர்கள் கவனிக்காமலே தாண்டிப் போய்விடலாம். மாடியில்தான் விஷயம் இருக்கிறது. செங்கல் சுவர், அதை ஒட்டி ஒரு சிறிய மேடை, நெருக்கிப் போட்ட மேஜைகள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். கிடாரின் தந்தி மீது விரல் வழுக்கும் ஓசையும் கேட்கும். சுமார் 110 பேர் வந்தால் இடம் நிரம்பிவிடும். இதுதான் 'கஃபே லீனா'. 1960-ல் தொடங்கிய இந்த இடம், அமெரிக்காவில் நீண்ட காலமாக விடாமல் நடந்துவரும் நாட்டுப்பாடல் காபிக்கடை என்று பெயர் பெற்றிருக்கிறது.

நியூயார்க் மாநகரிலிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சாரடோகா ஸ்பிரிங்ஸ். கனிமநீர் ஊற்றுகளுக்காகவும், 1863-லிருந்து நடந்துவரும் குதிரைப் பந்தயத்துக்காகவும் பிரபலமான ஊர். கோடையில் பணக்காரர்கள் வந்து குவிவார்கள்; பனிக்காலத்தில் ஊர் அடங்கிவிடும். 1966-ல் இங்கே ஒரு பிரம்மாண்டமான திறந்தவெளி அரங்கம் வந்தது. நியூயார்க் பாலே குழுவும் பிலடெல்பியா இசைக்குழுவும் கோடையில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் முன்னிலையில் நிகழ்ச்சி நடத்துகின்றன. அந்தப் பிரம்மாண்டத்துக்குச் சிறிது தூரத்தில்தான் இந்த மாடி அறை.

லீனா ஸ்பென்சர் மாசசூசெட்ஸில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தில் 1923-ல் பிறந்தவர். இசைக் கலைஞர் அல்ல. அவரும் கணவர் பில் ஸ்பென்சரும் காபிக்கடை தொடங்கியதன் பின்னால் பெரிய லட்சியம் எதுவும் இருக்கவில்லை. சில வருடங்கள் நடத்திப் பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பா போய் வாழலாம் என்பதுதான் திட்டம். மரவேலைப் பட்டறையாக இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்துச் சுத்தம் செய்து 1960 மே மாதம் கடையைத் திறந்தார்கள். எஸ்பிரஸோ காபியும் கிடாரும் சேர்ந்த கடைகள் அப்போது பெரிய நகரங்களில் நாகரிகமாகப் பரவிக்கொண்டிருந்தன.

பணம் சேரவில்லை. ஓரிரு ஆண்டுகளில் கணவர் பிரிந்து போய்விட்டார். ஐரோப்பா கனவாகவே நின்றது. லீனா மட்டும் கடையோடு தங்கிவிட்டார். அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் வாழ்க்கையே அந்த மாடி அறைதான்.

1961-ல் ஓர் இளைஞர் அங்கே பாட வந்தார். அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவர இன்னும் பல மாதங்கள் இருந்தன. கேட்க வந்தவர்கள் அவரைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்களாம். கணவர் பில் மேடையேறி, வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேளுங்கள் என்று கண்டித்ததாகச் சொல்வார்கள். அந்த இளைஞர் பாப் டிலன். பின்னாளில், 2016-ல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

டிலன் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கஃபே லீனாவின் பெருமை டிலனோடு முடிந்துவிடுவதில்லை. மிஸிஸிப்பியிலிருந்து வந்த முதிய ப்ளூஸ் பாடகர் ஜான் ஹர்ட், பார்வையற்ற பாதிரியார் கேரி டேவிஸ், டேவ் வான் ரோங்க், ரோஸலி சாரல்ஸ், யூட்டா பிலிப்ஸ் என்று நீளும் பட்டியலில் பலர் வானொலியில் புகழ் பெற்றவர்கள் அல்ல. ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு லீனா மேடை கொடுத்தார், சாப்பாடு போட்டார், தன் வீட்டிலேயே படுக்க இடமும் கொடுத்தார். கையில் காசு இருந்ததோ இல்லையோ, கதவு திறந்திருந்தது.

இந்த ஊர்க் கதைகளில் எல்லாமே உண்மை அல்ல. டான் மெக்லீன் தன் புகழ்பெற்ற 'அமெரிக்கன் பை' பாட்டை இந்த ஊர் மதுக்கடை ஒன்றில்தான் எழுதினார் என்று பல காலம் பேச்சு உண்டு. அவரே அதை மறுத்துவிட்டார். ஆனால் அந்தப் பாட்டு வருவதற்கு முன்பே அவர் லீனாவின் மேடையில் பாடியவர் என்பதில் சந்தேகமில்லை.

லீனாவின் காலத்தில் இங்கே மது கிடையாது. காபி, டீ, இனிப்புப் பண்டங்கள்தான். மது விற்காத இடத்தில் வருமானம் குறைவு. ஆனால் கூச்சலும் குறைவு. அமெரிக்க மதுக்கூடங்களில் பாட்டு என்பது பெரும்பாலும் பேச்சுக்குப் பின்னணி ஓசை. இங்கே பாட்டு ஆரம்பித்ததும் பேச்சு நிற்க வேண்டும். எழுதப்படாத இந்த ஒரு விதியை நம்பித்தான் தனிக் குரலும் ஒற்றைக் கிடாரும் உயிர் வாழ்கின்றன. ஒலிபெருக்கி இருந்தாலும், இந்தச் சிறிய அறையில் அதற்கு அதிக வேலை இல்லை. மிருதங்கத்தின் நயங்களை ஒலிபெருக்கியின் அலறலில் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் நம் சபா ரசிகர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1989-ல் லீனா அதே மாடிப்படியில் தவறி விழுந்தார். அந்தக் காயத்திலிருந்து அவர் மீளவில்லை. அக்டோபர் மாதம் இறந்துபோனார்.

ஒருவரின் தோளில் நின்ற காரியங்கள் அந்தத் தோள் சாய்ந்ததும் சரிந்துவிடுவதுதான் உலக வழக்கம். இங்கே அது நடக்கவில்லை. நண்பர்களும் ரசிகர்களும் சேர்ந்து கடையை லாப நோக்கமற்ற அமைப்பாக ஆக்கினார்கள். இதில் உரிமையாளர் என்று யாரும் கிடையாது. மிச்சம் விழுந்தால் யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அதுவும் பாட்டுக்கே போக வேண்டும். மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர்கள் சந்தா வசூலித்துச் சபாக்களைக் கட்டி வளர்த்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

கணக்கு எளிது, அதனாலேயே கொடுமையானது. இருக்கை அத்தனையும் நிரம்பினாலும் நூற்றுப் பத்து டிக்கெட்தான். அதில் கலைஞருக்குக் கொடுத்து, விளக்கும் வெப்பமும் ஓடவேண்டும். அரங்கைப் பெரிதாக்கினால் கணக்கு நேராகும். ஆனால் முன்வரிசைக்குக் கேட்கும் அந்த மூச்சு கேட்காமல் போகும். எனவே இடைவெளியை நன்கொடை நிரப்புகிறது. தொண்டர்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள்.

வாடகைக்கு இருந்த கட்டடத்தைப் பின்னர் அமைப்பே வாங்கியது. 2016-ல் நிதி திரட்டிப் புதுப்பித்தார்கள். சமையலறையும் இருக்கைகளும் மாறின. மாடிப்படி ஏற முடியாதவர்களுக்காக லிஃப்ட் வந்தது. பல காலமாக வந்துகொண்டிருந்த ரசிகர்கள் பலர் முதியவர்களாகிவிட்ட நிலையில் அது ஆடம்பரம் அல்ல. ஆனால் கூடம் பெரிதாக வளரவில்லை. வளர வேண்டாம் என்பதே எண்ணம்.

2020-ல் கொரோனா கதவை மூடியது. ஆளில்லாத அறையில் கலைஞர்கள் பாட, அது இணையம் வழியாக வீடுகளுக்குப் போனது. ஃபைலா தெருவை ஒருபோதும் மிதித்திராதவர்களும் கேட்டார்கள். அந்த நாட்களில் காமிராதான் இந்த அறைக்குச் சோறு போட்டது. கதவு திறந்ததும் மேஜைகள் மறுபடி நிரம்பின.

லீனா விட்டுப்போன காகிதங்கள், ஒலிநாடாக்கள், புகைப்படங்கள் தேடிச் சேகரிக்கப்பட்டு, 2013-ல் புத்தகமும் இசைத்தட்டுகளும் வெளிவந்தன. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் கஃபே லீனாவுக்கு இடம் உண்டு.

ஆனால் இந்த இடம் நூலக அலமாரிக்குப் போய் அடங்கிவிடவில்லை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடலாம் என்ற பொதுமேடை இரவு இங்கே இன்றும் உண்டு. கை நடுங்கக் கிடாரைச் சுருதி சேர்க்கும் புதியவருக்கும் அதே மேடைதான், அதே செங்கல் சுவர்தான். அவர் நாளை பெரிய ஆளாவாரா என்று யாருக்கும் தெரியாது. 1961-லும் தெரியவில்லை. ஒரே வித்தியாசம், இப்போது பேச்சை நிறுத்தும்படி யாரும் மேடையேறிக் கண்டிக்க வேண்டியிருப்பதில்லை.