34 நிறுத்தங்கள்... ஆர்க்டிக் வட்டம் தாண்டி ஓடும் 'டவுன் பஸ்' கப்பல்!

கப்பல் பயணம் என்றதும் நீச்சல்குளம், நடன அரங்கம், கேசினோ எல்லாம் நினைவுக்கு வருகிறதா? நார்வே கடலோரத்தில் ஓடும் 'ஹுர்டிரூட்டன்' வேறு ரகம். ஊர் ஊராக நின்று, ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிப் போகும் கடல் வழி டவுன் பஸ் இது!

தெற்கே பெர்கனில் கிளம்பி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். போய்த் திரும்ப 12 நாட்கள். சில ஊர்களில் கப்பல் கால் மணி நேரம்தான் நிற்கும். நள்ளிரவானாலும் நிற்கும்.

கடிதம் போய்ச்சேர 5 மாதம்!

இந்தக் கப்பல் ஏன் வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் ட்ரான்ட்ஹைமில் போட்ட கடிதம் வடக்கே ஹாமர்ஃபெஸ்டுக்குப் போய்ச்சேர கோடையில் 3 வாரம், குளிர்காலத்தில் 5 மாதம்கூட ஆகுமாம். மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத இருட்டு, பாறைகள் நிறைந்த கடல். இரவில் கப்பல் ஓட்டவே முடியாது என்று மற்ற கம்பெனிகள் கைவிரித்தன.

ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் மட்டும் துணிந்தார். எந்த இடத்தில் எந்தத் திசை, எவ்வளவு வேகம், எத்தனை நேரம் என்று அவரும் அவருடைய மாலுமியும் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள். 1893 ஜூலை 2 அன்று, 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக்கப்பல் ட்ரான்ட்ஹைமிலிருந்து கிளம்பியது. மாதக் கணக்கு, நாள் கணக்காகச் சுருங்கியது.

வழியில் என்ன பார்க்கலாம்?

பெர்கனில் ஏறினால், நான்காம் நாள் காலை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுவீர்கள். ஒரு குட்டித் தீவில் நிற்கும் உலக உருண்டைதான் அடையாளம்.

அடுத்து லொஃபோடன் தீவுகள். குளிர்காலத்தில் முட்டையிட வரும் காட் மீன்களைப் பிடித்து, ஜோடி ஜோடியாகக் கட்டி, உப்பே போடாமல் மரப்பரண்களில் தொங்கவிடுகிறார்கள். கடல்காற்றே காயவைத்துவிடும். இந்தக் கருவாட்டுக்கு இத்தாலியில் ஏக கிராக்கி.

பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் அது ஃபியோர்டு. இங்குள்ள ட்ரோல்ஃபியோர்டின் வாய் சுமார் 100 மீட்டர் அகலம்தான். கோடையில் வானிலை ஒத்துழைத்தால், கப்பல் உள்ளே போய் நின்ற இடத்திலேயே திரும்பி வெளியே வரும்.

எரிந்து எழுந்த ஊர்கள்

வடகோடி ஊர்களில் பழைய வீடுகளைத் தேடாதீர்கள். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை, அந்தப் பகுதியையே கொளுத்திவிட்டுப் போனது. ஹானிங்ஸ்வோக்கில் மிஞ்சியது ஒரு மரத் தேவாலயம் மட்டும். திரும்பி வந்த மக்களில் சிலருக்கு அதுவே முதல் வீடானது.

கிளம்பும் முன்...

* நள்ளிரவுச் சூரியனுக்கு ஜூன், ஜூலை. வானில் பச்சை ஒளி ஆடும் அரோராவுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை.
* போகும்போது இரவில் கடந்த ஊர்களைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம்.
* ஊரைச் சுற்ற இறங்கினால் நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். கப்பல் காத்திருக்காது!

இப்போது இரண்டு கம்பெனிகளின் கப்பல்கள் இந்த வழியில் ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிகள் குறையும் பனிக்காலத்திலும் சேவை நிற்கக் கூடாது என்பதற்காக, நார்வே அரசு அவற்றுக்குப் பணம் கொடுக்கிறது. நமக்கு இது வாழ்நாள் கனவுப் பயணம். அந்த ஊர்க்காரர்களுக்கோ, பக்கத்து ஊர் போய்வரும் வண்டி!